தண்டவாளத்துக் கன்னியம்மா

மானாம்பதிக்கு மேற்கே, வயலோரத்தில் இருக்கும் பதினோரு இருளர் குடிசைகளுக்கும் ஒரே சாமி, கன்னியம்மா. இடுப்பு உயரத்துக்கு நிற்கும் ஓர் இரும்பு. அதற்கு மஞ்சள் பூசி, பாவாடை கட்டி, கற்பூரம் காட்டுபவர் ஆண்டி. வயது எழுபத்தேழு. பூமியைப் பிளந்துகொண்டு அம்மா தானாக வந்தாள் என்று காலமெல்லாம் சொல்லி வருபவரும் அவர்தான்.

அது பொய் என்று அவருக்குத் தெரியும். ஆறு வயதில் கண்ணால் பார்த்தவர். மெட்ராஸில் டிராம் நின்றுபோன பிறகு, ரோட்டைக் கொத்தித் தண்டவாளம் பிடுங்கும் வேலைக்கு அவருடைய அப்பா போனார். வரும்போது ஒரு துண்டை லாரியில் போட்டுக்கொண்டு வந்தார். நிலக்காரர் முத்துவேல், "இதுக்கு இந்தாண்ட நீங்க குந்திக்கோங்க" என்று வாயால் சொன்ன இடத்தில் அதை எல்லையாக நட்டார்கள். பத்திரம், பட்டா எல்லாம் யாருக்கு வேண்டியிருந்தது? முத்துவேல் செத்ததும் அவர் வீட்டு ஆட்கள் அதைப் பிடுங்க வருவதாகப் பேச்சு அடிபட்டது. ஆண்டியின் அம்மா கெட்டிக்காரி. இரும்புக்கு மஞ்சளைப் பூசிவிட்டாள். வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

இப்போது முத்துவேலின் பேரன் மோகன் கம்பிவேலியோடு நிற்கிறான். இவர்கள் வந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை என்று சாதிக்கிறான். விசாரிக்க வி.ஏ.ஓ. வந்திருந்தார். கூடவே கீர்த்தி. சென்னையில் மறுபடி டிராம் விடலாமா என்று ஆராயும் குழுவில் வேலை செய்யும் பெண். பழைய தண்டவாளங்கள் எங்கெங்கே போயின என்று தேடிக்கொண்டு போன வாரம் இங்கே வந்தவள், சாமியைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"ரயில் தண்டவாளத்துல நீளமா ஓடுற இந்தப் பள்ளம் இருக்காது சார். இது டிராமோடது. டிராம் நின்னப்பவே எல்லையா நட்டதுன்னு பெரியவர் சொன்னா, இவங்க எழுபது வருஷமா இங்கதான் இருக்காங்கன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றாள்.

வி.ஏ.ஓ. திரும்பினார். "இன்னா பெரியவரே, யாரு நட்டது இத?"

ஆண்டி வாயைத் திறக்கப் போனார். எதிரே மனைவி சின்னபொண்ணு மஞ்சள் கையோடு நின்றாள்.

மகன் பாலாவைப் பத்தொன்பது வயதில், அறுப்பு வயலில் பாம்பு கடித்தது. இந்த இரும்பின் காலடியில்தான் கிடத்தினார்கள். இங்கேதான் மூச்சு நின்றது. "அம்மா அவன கூப்டுக்கினா, மடியில வெச்சிக்கினு கீறா" என்று ஆண்டி சொன்ன பிறகுதான் சின்னபொண்ணு ஒரு வாய் சோறு தின்றாள். இன்றைக்கும் விடிந்ததும் இங்கே உட்கார்ந்து மகனோடு பேசுகிறாள். இது டிராம் ஓடின இரும்பு என்றால், பிள்ளை யார் மடியில் இருக்கிறான்?

"யாரும் நடலிங்க," என்றார் ஆண்டி. "அம்மா தானா வந்தா."

"தாத்தா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் கீர்த்தி.

மோகன் முந்திக்கொண்டு இரும்பைக் கும்பிட்டான். "சாமிய நான் தொடுவனா? வேலிக்குள்ள அதும்பாட்டுக்கு இருக்கட்டும். ஆடி மாசம் வந்து பொங்க வெச்சிட்டுப் போங்க."

எல்லைக் குறி ஏதுமில்லை என்று எழுதி வி.ஏ.ஓ. கிளம்பினார்.

பத்து நாளில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. பாத்திரங்களைப் புடவையில் மூட்டை கட்டிக்கொண்டே சின்னபொண்ணு சொன்னாள்: "அது பட்டணத்து இரும்புன்னு எனக்குத் தெரியும்யா. ஒங்கம்மா சாவறப்ப என்னாண்ட சொல்லிட்டுதான் செத்துது."

ஆண்டி அவள் பக்கம் திரும்பினார். "அன்னிக்கே சொல்றதுக்கின்னாடி?"

"ஊரு முன்னாடி பூசாரிய பொய்யன்னு நான் சொல்லவா? நீயா சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேன்."

"தெரிஞ்சிக்கினேதான் தெனம் அதுங்கைல பேசினியா?"

"வேற எங்க போயி பேசுவேன்?" என்று முடிச்சை இறுக்கினாள்.

ஆண்டி தரையில் உட்கார்ந்துவிட்டார். வெளியே மோகனின் ஆட்கள் இரும்பையும் சேர்த்து உள்ளே விட்டுக் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.