பதினோராவது ஆட்சேபணை

மின்மயானத்தின் குமாஸ்தா தீபா, சொர்ணலதா நீட்டிய படிவத்தை இரண்டாம் முறையாகத் திருப்பித் தள்ளினாள்.

"ஆதார்ல டில்லி அட்ரஸ் இருக்கு மேடம். மைசூர் ப்ரூஃப் வேணும். இல்லாம ஆகல்லா, முடியாது."

அப்பா வெளியே வண்டியில் கிடந்தார். பன்னிரண்டு மணி முறை தவறினால் நாளைக்குத்தான். காரியம் முடியாமல் அடுப்பு மூட்ட மாட்டேன் என்று அம்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாள். சர்க்கரை நோய்க்காரி. காலையிலிருந்து தண்ணீர் மட்டும்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். கரியப்பன். மைசூரின் அக்ரஹாரம் பகுதியில் அவர்களுக்கு நான்கு வீடு தள்ளி இருக்கும் பழைய இயற்பியல் பேராசிரியர். எண்பத்திரண்டு வயது.

"உங்கப்பன் பத்து ஆட்சேபணை போட்டான், கண்ணு. இது பதினொண்ணு."

கதை சொர்ணலதாவுக்கு மனப்பாடம். எழுபத்து மூன்றில் கரியப்பன் தன் கல்லூரிக்கு ஓர் அமெரிக்கக் கம்ப்யூட்டர் கேட்டு டில்லிக்கு விண்ணப்பித்தார். அந்நியச் செலாவணி இல்லாத காலம். உள்ளூரில் செய்ய முடியாது என்று நிரூபித்தால்தான் இறக்குமதி. கோப்பைப் பார்த்த அதிகாரி ரத்தினசாமி, சொர்ணலதாவின் அப்பா. எத்தனை பேருக்கு வேலை போகும், ஏன் வாடகைக்கு எடுக்கவில்லை என்று மூன்று வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பத்தாவது ஆட்சேபணை: நீங்களே ஏன் செய்யக் கூடாது? கோபத்தில் கரியப்பன் மாணவர்களோடு சேர்ந்து செய்தே விட்டார். பீரோ உயரம். கூட்டல் சரியாக வரும். மழை பெய்தால் வராது. கடைசியில் அனுமதி வந்தபோது அமெரிக்காக்காரன் அந்த மாடலையே நிறுத்தியிருந்தான்.

ஓய்வு பெற்று வெகுநாள் கழித்து அப்பா மைசூருக்குக் குடிவந்தார். பத்து வருடம் தினமும் காபியோடு இந்தச் சண்டை. அப்பா ஒரு நாளும் வருத்தம் தெரிவிக்கவில்லை. "நான் கேக்கலேன்னா நீ செஞ்சிருப்பியா?" என்பார்.

கரியப்பன் தீபாவிடம் கன்னடத்தில் பேசினார். உள்ளூர்க்காரர் சாட்சி எழுதித் தர விதியில் இடமுண்டா என்று கேட்டார். இருந்தது. அவள் வேறொரு தாளை எடுத்துக் கொடுத்தாள்.

நின்றபடியே எழுதினார். எத்தனை ஆண்டுப் பழக்கம்: ஐம்பத்திரண்டு. இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் பேனா நின்றது. பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருந்தது.

"ஃப்ரெண்டுன்னு போடுங்க மாமா," என்றாள் சொர்ணலதா.

"அவன் ஒத்துக்க மாட்டான்."

விண்ணப்பதாரர் என்று எழுதினார்.

தீபா படித்தாள். முத்திரை குத்தித் தந்தாள்.

வெளியே வண்டியின் பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. கரியப்பன் தாளைக் கண்ணருகே பிடித்து முத்திரையைப் பார்த்தார். பிறகு மை காயும்வரை மெல்ல ஊதினார்.