மஞ்சள் சீட்டு

மஞ்சள் நிறத்தில் ஒரு துண்டுச் சீட்டு. கேட் பாஸ். விரல் ஈரம் பட்டு ஓரம் மடங்கியிருக்கிறது. கீழே என் கையெழுத்துக்கான இடம் வெறுமையாக இருக்கிறது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. நான் லைன் சூப்பர்வைசர். என் லைனில் முப்பது மெஷின். சாப்பாட்டு நேரம் தவிர, ஷிப்ட் முடியுமுன் யார் வெளியே போனாலும் நான் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். இல்லாவிட்டால் வாட்ச்மேன் கேட்டைத் திறக்க மாட்டார்.

பதினேழாவது மெஷினில் முத்துப்பேச்சி. கழுத்துப் பட்டி தைப்பாள். தையில் எங்களுக்குக் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தோம். லைனுக்குள் நான் அவளுக்கு ‘சார்’. தெருமுனை தாண்டினால்தான் ‘ஏங்க’.

ஐப்பசியில் மேனேஜர் கூப்பிட்டார். “லவ்வெல்லாம் கேட்டுக்கு வெளியில வெச்சுக்கப்பா. உன்ற ஆளுக்குச் சலுகை காட்டறேன்னு பேச்சு வந்துச்சுன்னா, ரெண்டு பேரும் வேற வேலை பாத்துக்கோணும்.”

அன்றிலிருந்து நான் நேர்மையானேன். எல்லோரையும்விட அவளைக் கூடுதலாகக் கடிந்தேன். ஒரு தையல் கோணினாலும் பிரிக்கச் சொன்னேன். மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னேன். மாலையில் அவள் சிரிப்பாள். புரிகிறது என்பாள்.

கார்த்திகை மழை. தகரக் கூரைமேல் சத்தம். பகல் பதினொன்றுக்கே டியூப்லைட் வெளிச்சம். முத்துப்பேச்சி மஞ்சள் சீட்டோடு வந்து நின்றாள். வாடகை வீட்டில் அவளோடு இருந்த அப்பாவுக்கு மூச்சுத் திணறல். வீட்டுக்காரம்மா ஆபீசுக்குப் போன் செய்திருந்தார்.

“அப்பாவுக்கு முடியல சார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும்.”

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. நான் பயந்தேன்.

“சாப்பாட்டு மணி அடிக்கட்டும். அப்புறம் போ.”

அவள் கெஞ்சவில்லை. போய் உட்கார்ந்தாள். தைத்தாள். மழை. தையல். மழை.

அன்று காலையில்தான் பல்வலி என்று வந்த ஜெயராணிக்கு, முகத்தைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. அவள் ஓடினாள். அப்பா அதற்குள் போய்விட்டார். வீட்டுக்காரம்மா ஆட்டோ கூட்டி வந்தும் அவர் ஏறவில்லையாம். மக வரட்டும், மக வரட்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பதினாறாம் நாள் காரியம் முடித்து வந்தாள். மார்கழி பிறந்தும் மழை விடவில்லை. தெருமுனையில் காத்து நின்றேன். பக்கத்தில் வந்தாள். ‘ஏங்க’ என்று கூப்பிடவில்லை.

“அன்னைக்கு நான் வேற யாராவதா இருந்திருந்தா விட்டிருப்பீங்கள்லா சார்.”

ஆமாம். விட்டிருப்பேன்.

இன்று அவள் வேலையை விட்டுப் போகிறாள். லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்க்கட்டும். மேசைமேல் இன்று அவள் வைத்த மஞ்சள் சீட்டு. விரல் ஈரம் பட்டு ஓரம் மடங்கியிருக்கிறது. காரணம் என்ற இடத்தில் அவள் ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.