இன்று வாழ்த்து மட்டும்

இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றபோது தலைவர் பயப்படவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மனுஷனை, அதுவும் பிறந்தநாளன்று, ஒரு லிஃப்ட் பிடித்து வைத்துக்கொண்டால் வராதா பின்னே?

‘தலைவர்’ என்பது லிஃப்ட் மெக்கானிக்குகளின் இணையக் குழு அவருக்குக் கொடுத்த பட்டம். குழுவை ஆரம்பித்தவரே அவர்தான். பாதிப் பேர் அவரை நேரில் பார்த்ததில்லை. மரியாதை குறையாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தொழில் சந்தேகம் கேட்கத்தான் குழு. ஆனால் போன வருஷம் அவருக்கு வாழ்த்து குவிந்துகொண்டிருந்த நேரத்தில் எவனோ ஒருவன், “கதவு மூட மாட்டேங்குது, என்ன செய்யலாம்?” என்று கேட்டுத் தொலைத்தான். கேக்குக்கும் பூங்கொத்துக்கும் நடுவில் துருப்பிடித்த கதவின் படம்! தலைவருக்கு மனசு விட்டுப்போயிற்று. அன்றே சட்டம் போட்டார்: யாருக்காவது பிறந்தநாள் என்றால் அன்று வாழ்த்து மட்டும், வேறு எது வந்தாலும் அழிக்கப்படும். அழிக்கும் வேலையைத் துணை அட்மின் தவம் மாதிரிச் செய்துவந்தார்.

இந்த லிஃப்டின் பராமரிப்பும் தலைவருடையதுதான். போன வாரம் வந்து பட்டன்களைத் துடைத்து, கண்ணாடியைத் துடைத்து, எல்லாம் பிரமாதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மேல்மாடியில் மறந்து வைத்த குடையை எடுக்கத்தான் இன்று வந்தது. அப்போது காவல்காரர் நாற்காலியில் இல்லை.

அவசர மணியை அழுத்தினார். காவல்காரர் ஓடி வரும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் தலைவரின் சட்டைப்பையில் போன் அலறியது. எதிரே சுவரில் ஸ்டிக்கர்: ‘அவசரத்துக்கு அழைக்கவும்.’ அதன் கீழே அவருடைய நம்பர். சட்டென்று சத்தத்தை அணைத்தார். தன் பராமரிப்பில் இருக்கும் லிஃப்டில் தானே மாட்டிக்கொண்டது தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும்.

“எடுக்க மாட்டேங்குறாங்க. வேற ஆளைக் கூப்பிடறேன்,” என்றார் காவல்காரர்.

தலைவர் குழுவைத் திறந்தார். ‘லிஃப்ட் உலகின் முடிசூடா மன்னரே!’ ‘எங்களை உயரத்துக்கு ஏற்றியவரே!’ ஒவ்வொருவருக்கும் நன்றி போட்டதில் நேரம் சுகமாகவே போயிற்று. பிறகு காலையிலிருந்து குடித்த டீ வேலையைக் காட்டத் தொடங்கியது. கால் மாற்றி நின்றார். மறுபடி மாற்றினார். யாரோ ஒரு மெக்கானிக் வந்து கதவைத் தட்டினான்.

“உள்ள யாரு சார்?”

“நான்தான்... சும்மா ஒருத்தன்,” குரலை மாற்றிச் சொன்னார் தலைவர். “சீக்கிரம்ப்பா, அவசரம்!”

“கவலைப்படாதீங்க சார். இதோ, எங்க குரூப்ல கேக்கறேன். எங்க தலைவர் பெரிய கில்லாடி. இப்பவே பதில் வந்துடும்.”

தலைவரின் போனில் அவன் கேள்வி வந்தது. ‘உள்ளே ஒரு பெரியவர் மாட்டியிருக்கார். இந்த மாடலில் பிரேக்கை விடுவிக்கும் லிவர் எங்கே?’ தலைவருக்கே தெரியாது. போன வாரம் மெஷின் ரூம் வரை ஏறியிருந்தால் தெரிந்திருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேள்வி காணாமல் போயிற்று. துணை அட்மின் எழுதினார்: ‘இன்று தலைவர் பிறந்தநாள். வாழ்த்து மட்டும். கேள்விகள் நாளை.’

“அழிச்சிட்டாங்க சார்!” என்றான் மெக்கானிக். “இருங்க, நானும் ஒரு வாழ்த்து போட்டுடறேன். இல்லேன்னா தப்பா நினைப்பாங்க.”

தலைவரின் போனில் ஒரு ரோஜாக்கொத்து வந்து விழுந்தது.

‘அந்தத் தம்பிக்கு யாராவது பதில் சொல்லுங்கள்’ என்று அவசரமாக எழுதினார்.

‘பிறந்தநாளிலும் தொழில் நினைப்பு! இவரல்லவோ தலைவர்!’ கைதட்டல்கள் குவிந்தன.

இனி தாங்காது. மானமா, வேட்டியா என்ற நிலை வந்துவிட்டது. எழுதினார்: ‘உள்ளே மாட்டியிருப்பது நான்தான்.’ அனுப்பியதும் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருஷப் பெயர் இத்தோடு போயிற்று என்று அழுகை வந்தது.

கண்ணைத் திறந்தால், திரை முழுக்கச் சிரிப்பு பொம்மைகள். ‘தலைவர் ஜோக் அடிச்சா அது தனி ரகம்!’

வெளியே மெக்கானிக்கும் சிரித்தான். “எங்க தலைவர் செம தமாஷ் சார். உள்ள இருக்கிறது அவராம்!”

“நிஜமாவே நான்தான்ப்பா!”

“அட, நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா? சரி, இவங்களை நம்பி நின்னா வேலைக்காவாது. நானே மேல போய்ப் பாக்கறேன்.”

மெஷின் ரூமில் தட்டுத் தடுமாறி லிவரைக் கண்டுபிடித்து, சக்கரத்தைக் கையாலேயே சுற்றி, லிஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். ஓடி வந்து கதவைத் திறந்தவன், குழுவின் வாழ்த்துப் படங்களில் காலையிலிருந்து பார்த்த முகத்தை நேரில் பார்த்து வாயைப் பிளந்தான்.

“தலைவரே! ஒரே ஒரு போட்டோ!” வாசலை அடைத்து நின்று கைபேசியை நீட்டினான். தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவனைத் தள்ளிவிட்டு ஓடினார்.

கழிவறையிலிருந்து புது மனுஷனாகத் திரும்பியபோது போட்டோ குழுவில் இருந்தது. கீழே துணை அட்மின் எழுதியிருந்தார்: ‘பிறந்தநாளன்றும் லிஃப்டில் இறங்கி வேலை செய்கிறார் தலைவர்! பாருங்கள்! மக்கர் செய்த லிஃப்ட் ஓடிவிட்டது!’ வாழ்த்துகள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தன.

மெக்கானிக் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி தயங்கினான். “தப்பாப் புரிஞ்சிக்கிட்டாங்க தலைவரே. நடந்ததை எழுதிடவா?”

“எதுக்குப்பா?” என்றார் தலைவர் பாசத்தோடு. “இன்னிக்கு வாழ்த்து மட்டும்தானே?”

குழுவின் பழைய செய்திகளைத் திரையில் தள்ளிக்கொண்டே போனார். ‘உள்ளே மாட்டியிருப்பது நான்தான்’ என்ற வரி வந்தது. சட்டம் என்றால் எல்லாருக்கும் சட்டம்தான் என்று சொல்லிக்கொண்டே அதை அழித்தார்.