கையைப் பிடித்தது யார்

“நிறையும் எழுது, குறையும் எழுது. ஆனா பார்த்து எழுதும்மா” என்றார் எடிட்டர். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் பெருசு. போர்க்காலத்தில் எங்கள் பத்திரிகை நடந்த கதையைச் சினிமாவாக எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கதை சொன்னதே பெருசுதான். விமர்சனம் எழுத வேண்டியவள் நான். படத்தில் செத்துப்போகும் நிருபர் என் அண்ணன்.

அண்ணியையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் காலத்தில் அவளும் எங்கள் பத்திரிகையில்தான் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள்.

நிறை இல்லாமல் இல்லை. ஜன்னல் கண்ணாடிகள் சிதறாதபடி குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய காகிதம், கரண்ட் போனதும் அச்சு இயந்திரம் முனகிக்கொண்டே நிற்பது, குண்டு விழும்போது மேஜைக்கடியில் பதுங்கிக்கொண்டும் தலைப்புக்காகச் சண்டை போடும் உதவி ஆசிரியர்கள், எல்லாம் அப்படியே இருந்தன. அண்ணனாக நடித்த பையன் பென்சிலைக் காதில் செருகியதுகூட அண்ணன் மாதிரியே.

பிறகு அந்தக் காட்சி. அண்ணன் வெளியே கிளம்புகிறான். எடிட்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு “போகாதே” என்று அழுகிறார். அவன் உதறிவிட்டு ஓடுகிறான். தியேட்டரே கைதட்டியது.

“கையைப் பிடிச்சது நான்” என்றாள் அண்ணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குண்டு விழுந்த பள்ளிக்கூடத்துக்குப் போய், செய்தியோடு உயிரோடு திரும்பி வந்தவன் என் அண்ணன். செத்தவர்களின் பெயர் இல்லாமல் செய்தி போடுவதில்லை என்பது பெருசின் கொள்கை. நல்ல கொள்கைதான், யார் இல்லையென்றது? ஆனால் அன்றைக்கும் அதையே பிடித்துக்கொண்டு, “பேரெல்லாம் எங்கே? போய்க் கேட்டுட்டு வா” என்று திருப்பி அனுப்பினார். அண்ணி ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்தாள். “விடும்மா, பேப்பர் அச்சுக்குப் போகணும்” என்று அதைப் பிரித்துவிட்டதும் இந்த மகராசன்தான். இரண்டாவது குண்டு அதற்குப் பிறகு விழுந்தது.

குறைகள் பகுதியில் இதை ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தேன். பெருசு எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார்.

“என்னம்மா, உன் நாத்தனார் இப்படி எழுதி வெச்சிருக்கா? நான் தடுத்தேனே! எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

வாய் கூசாமல் பொய் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மனிதர் நிஜமாகவே நம்பினார். கண் கலங்கியிருந்தது.

“படத்துல அவனை எவ்வளவு உசரத்துல வெச்சிருக்கோம், பார்த்தியா?” என்றார்.

“உசரமெல்லாம் வேணாம் சார்” என்றாள் அண்ணி. “அவர் வீட்டுல இருந்திருந்தா போதும்.”

பெருசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழிக்கு வந்துவிட்டார் என்று நம்பி, அண்ணியிடம் “ஞாயித்துக்கிழமை வந்துடும் அண்ணி” என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையைப் பிரித்தேன். நிறைகள் முழுசாக வந்திருந்தன. குறைகள் என்று ஒரே ஒரு வரி: ‘இரண்டாம் பாதி சற்று நீளம்.’ நான் எழுதாத வரி. கீழே கொட்டை எழுத்தில் என் பெயர்.

அண்ணி வீட்டுக்கும் அதே பத்திரிகைதான் போகும்.