இறங்கும் லிஃப்டில் எடை

ஆண்கள் வார்டு நர்ஸுக்கு டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்ற ஆசை முப்பது வயதில் வந்தது. ஆசை வந்ததில் தவறில்லை, இயற்பியலும் கூடவே வந்ததுதான் வினை. உயிரியல் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வேதியியலையும் எப்படியோ கட்டி இழுத்துவிடுவாள். இயற்பியல் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருக்கும்.

மேட்ரன் கறாரானவர், ஆனால் கெட்டவர் அல்ல. நுழைவுத்தேர்வுக்கு முன் இரண்டு மாதம் விடுப்பு தருவதாகச் சொல்லி, ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். பயிற்சி மையத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் மாதிரித் தேர்வில், இயற்பியலின் நாற்பத்தைந்து கேள்விகளில் குறைந்தது இருபது சரியாக இருக்க வேண்டும். மூன்று வாய்ப்புகள். முதல் ஞாயிறு பதினொன்று, இரண்டாம் ஞாயிறு பதினாறு. மீதி ஒன்றுதான். அதிலும் கோட்டைவிட்டால் விடுப்பு கிடையாது. மூன்று ஷிஃப்டும் பார்த்துக்கொண்டு படிப்பது நடக்காத காரியம்.

"நீ டாக்டராயிட்டா என்னை எல்லாரும் எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று வெல்டிங் கடை வைத்திருக்கும் அவள் கணவன் கேட்டான்.

"முதல்ல நான் பாஸாகணும். அப்புறம் உங்களுக்குப் பேரு வைக்கலாம்."

அவளை மடக்கிய கணக்கு ஒன்று இருந்தது. லிஃப்டுக்குள் ஓர் ஆள் எடை மெஷின் மேல் நிற்கிறான். லிஃப்ட் முடுக்கத்தோடு மேலே போகிறது. மெஷின் எவ்வளவு காட்டும்? கூடுதலாகக் காட்டும் என்றது புத்தகம். காணொளியில் பாடம் நடத்தியவரோ "இது ரொம்ப சுலபம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குத் தாவினார். அவர் சுலபம் என்று சொன்ன இடத்திலெல்லாம் அவள் நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டு வந்தாள். இது முப்பத்தோராவது.

அவளுக்கு ஏன் ஏறவில்லை என்பதற்கும் காரணம் இருந்தது. எட்டு வருடமாக அவள் நோயாளியின் எடையைப் பார்த்து, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் போட்டு மருந்து ஏற்றுகிறவள். எடை என்பது சார்ட்டில் ஒருமுறை எழுதிவிட்டால் அதை நம்பி ஊசி போடுகிற விஷயம். லிஃப்டில் ஏறியதும் அது கூடும் என்றால்?

இதை அவள் லிஃப்டக்காவிடம் சொன்னாள். ஸ்ட்ரெச்சர் போகும் லிஃப்டை இயக்கும் அந்தப் பெண்ணுக்கு மருத்துவமனை முழுவதும் அதுதான் பெயர்.

"அப்போ லிஃப்டுக்குள்ள வச்சு ஊசி போட்டா டோஸைக் கூட்டணுமாக்கா? இறங்கறப்போ குறைக்கணுமா?"

"என்னைக் கேட்டா? பொத்தானை அமுக்கத்தான் எனக்குச் சம்பளம். மெஷினைக் கொண்டாங்க, பார்த்துடுவோம்."

பார்வையாளர் நேரம் முடிந்து லிஃப்ட் காலியாகக் கிடந்த மதியத்தில், வார்டின் எலக்ட்ரானிக் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனாள். ஏறி நின்றாள். ஐம்பத்தெட்டு. லிஃப்டக்கா ஐந்தாம் மாடியை அமுக்கினாள். லிஃப்ட் ஒரு குலுக்கலோடு கிளம்பியது, ஏறியது, நின்றது. ஐம்பத்தெட்டு. இறங்கியது. அப்போதும் ஐம்பத்தெட்டு.

"நான் சொல்லலை? புத்தகம்தான் தப்பு!" என்று நர்ஸ் மெஷினிலிருந்து துள்ளி இறங்கினாள்.

லிஃப்டக்கா குனிந்து பார்த்தாள். "சிஸ்டர், நீங்க இறங்கியாச்சு. இது இன்னும் ஐம்பத்தெட்டுன்னே சொல்லுதே. யாரு நிக்கறா இப்போ, உங்க ஆவியா?"

அப்போதுதான் உறைத்தது. எண் ஒருமுறை நிலைத்ததும் அதையே சிறிது நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும் மெஷின் அது. ஆடிக்கொண்டே நிற்கும் நோயாளிகளுக்காக அப்படி வைத்திருந்தார்கள். தினமும் கையாளுகிறவளுக்கே அது மறந்துபோயிருந்தது.

மறுநாள் உடைந்த கட்டில்கள் கிடக்கும் ஸ்டோரிலிருந்து, முள் வைத்த பழைய மெஷினைத் துடைத்து எடுத்து வந்தாள். லிஃப்ட் மேலே கிளம்பியதும் முள் அறுபத்து மூன்றுக்குத் தாவியது. "ஐயோ!" என்றாள். சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், ஏறிக்கொண்டிருக்கும்போதே முள் ஐம்பத்தெட்டுக்குத் திரும்பிவிட்டது. ஐந்தாம் மாடியில் நிற்கப் போகையில் ஐம்பத்து மூன்றுக்கு இறங்கியது.

"மேல போறப்போ ஏங்க்கா குறையுது?"

"களைச்சுப் போச்சோ என்னவோ."

கீழே வரும்போது இன்னும் மோசம். கிளம்புகையில் ஐம்பத்து மூன்று, நடுவில் ஐம்பத்தெட்டு, தரைத்தளத்தில் நிற்கப் போகையில் அறுபத்து மூன்று. இறங்குகிற லிஃப்டில் எடை கூடுகிறது! கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. ஏழு தடவை போய் வந்தார்கள். ஏழு தடவையும் முள் அதையேதான் செய்தது. அவள் ஒவ்வொன்றையும் தேதி, மாடி, கிளம்பும்போது, ஓடும்போது, நிற்கும்போது என்று வார்டு சார்ட் போலவே எழுதி வைத்தாள். எழுதியது அத்தனையும் தெளிவு. எழுதியவளுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

"போதும் சிஸ்டர்," என்றாள் லிஃப்டக்கா. "நீங்க குழம்பினா உங்களோட போகும். நானும் குழம்பினா லிஃப்ட் எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது."

மூன்றாவது ஞாயிறு வந்தது. இருபத்தேழாவது கேள்வி: அறுபது கிலோ ஆள், இறங்கிக்கொண்டிருக்கும் லிஃப்ட், நிற்பதற்காக வேகம் குறைகிறது. முடுக்க அளவு இரண்டு, புவியீர்ப்பு பத்து. மெஷின் எத்தனை நியூட்டன் காட்டும்? நானூற்று எண்பதா, அறுநூறா, எழுநூற்று இருபதா, பூஜ்யமா? சமன்பாட்டில் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்று அவளுக்கு நிச்சயமில்லை. முள் எந்தப் பக்கம் போனது என்பது நிச்சயம். எழுநூற்று இருபதுக்கான வட்டத்தைக் கறுப்பாக்கினாள்.

மதியம் விடைக்குறிப்பைச் சுவரில் ஒட்டினார்கள். தன் விடைகளோடு ஒப்பிட்டு விரல் வைத்து எண்ணினாள். பத்தொன்பது. மறுபடி எண்ணினாள். பத்தொன்பதுதான். இருபத்தேழாவதற்கு நானூற்று எண்பது என்று போட்டிருந்தது.

தான்தான் தப்பு என்று நினைப்பது இயற்பியலில் அவளுக்குப் பழகிப்போன விஷயம். வாசல்வரை நடந்தும் விட்டாள். அங்கிருந்து திரும்பி ஆசிரியர் அறைக்குள் போனாள். ஆசிரியர் அவளைவிட ஆறேழு வயது இளையவர்.

"சார், இருபத்தேழு தப்பா இருக்கு."

"எது, உங்களோடதா?"

"உங்களோடது."

உள்ளே இருந்த நாலைந்து மாணவர்கள் சிரித்தார்கள்.

"சரிங்க்கா. சமன்பாட்டைப் போட்டுக் காட்டுங்க."

"அது வராது சார். ஆனா ஏழு தடவை பார்த்திருக்கேன்," என்று சார்ட்டை நீட்டினாள். "இறங்கி நிக்கறப்போ கூடுது. ஒரு தடவைகூடக் குறையலை. ஏன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

ஆசிரியர் சார்ட்டைப் பார்த்தார். பலகைப் பக்கம் திரும்பி ஓர் ஆள் வரைந்தார், இரண்டு அம்பு போட்டார், கழித்தல் குறி ஒன்றைப் போட்டு அழித்துக் கூட்டலாக்கினார்.

"எழுநூற்று இருபதுதான். விடைக்குறிப்பு தப்பு."

"போச்சு!" என்றான் பின்னாலிருந்த ஒருவன். "அக்கா, உங்களால எனக்கு ஒண்ணு குறைஞ்சுது."

"தம்பி, எனக்கு ஒண்ணு கூடிச்சு," என்றாள். இருபது. மேட்ரனிடம் காட்ட, திருத்திய மதிப்பெண்ணை ஆசிரியர் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தவள் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அம்புகளில் ஒன்று ஏன் மேலே பார்க்கிறது என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை.

"வேற ஏதாவதா அக்கா?"

"ஒண்ணே ஒண்ணு சார். அதுல நாலாவதா பூஜ்யம்னு ஒரு விடை இருந்துச்சே. அது எப்போ வரும்?"

"கயிறு அறுந்து லிஃப்ட் விழுந்தா. ரொம்ப சுலபம்."

"ஆள் மெஷின் மேல நிக்கறப்பவேவா சார்?"

ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க," என்றார்.