புதன்கிழமை அவளுக்கு லீவு

மனைவிமேல் போர்த்தியிருந்த விரிப்பை நான்காவது முறையாக நீவிவிட்டார் பஸ் டிரைவர். தங்கும் விடுதி ஒன்றின் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடம் விரிப்புகளை இஸ்திரி போட்டவள். ஒரு சுருக்கம் கண்ணில் பட்டாலும் அவளுக்குப் பொறுக்காது.

ஞாயிற்றுக்கிழமை டீ போடப் போனவள் அடுப்படியிலேயே சரிந்துவிட்டாள். செவ்வாயே அடக்கம் செய்துவிடலாம் என்று மச்சான் ஒற்றைக்காலில் நின்றான். இவர் பிடிகொடுக்கவில்லை. அவளோடு வேலை பார்த்த பெண்களுக்குப் புதன்தான் லீவு. அவளுக்கும்தான். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் வேலை அட்டவணையில் அப்படித்தான் இருக்கிறது.

அட்டவணை என்று ஒன்று வரத் தொடங்கியே மூன்று மாதம்தான். அதற்கு முன்பெல்லாம் போன் அடித்தால்தான் வேலை. எடுக்காவிட்டால் அடுத்த வாரம் கூப்பிடவே மாட்டார்கள். தலையில் சோப்பு நுரையோடு அவள் ஓடியிருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு தோழியின் அடக்கத்தில் வரிசையாக ஏழு போன்கள் அடித்தன. ஏழு பேரும் பாதியில் எழுந்து போனார்கள், இவள் உட்பட. அன்று வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதாள். மறுநாளே இதற்கொரு சட்டம் கேட்டுக் கையெழுத்து வாங்கக் கிளம்பிவிட்டாள். நாயாய் அலைந்தாள். கடைசியில் சட்டம் வந்தது. இரண்டு வாரம் முன்பே அட்டவணை தர வேண்டும், லீவு நாளில் கூப்பிட்டால் மறுக்கலாம், மறுத்தவருக்கு வேலையைக் குறைக்கக் கூடாது.

ஊருக்கெல்லாம் இதை விளக்கியவள், தன் போன் அடித்தால் மட்டும் முதல் மணியிலேயே துள்ளி எழுவாள்.

"சட்டம் வந்துடுச்சுங்க, இந்தப் பாழாப்போன கை இன்னும் பழகலையே" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அவர் கிண்டல் செய்வார்.

இப்போது வீடு நிறைய அந்தப் பெண்கள். இவர்களாவது கடைசிவரை இருக்க வேண்டுமே என்பதுதான் அவருடைய கவலை.

முன்வரிசையில் ஒரு போன் அடித்தது. மனைவிக்குப் பக்கத்து மேசையில் இஸ்திரி போடுகிறவள் எடுத்துப் பார்த்தாள். சூப்பர்வைசர். யாரோ வேலைக்கு வரவில்லை போலும்.

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "அடிக்கட்டும் அண்ணா. நாங்க எங்கயும் போகலை."

அடுத்தவளின் போன் அடித்தது. அதற்கடுத்தவளுடையதும் அடித்தது. யாரும் எழவில்லை.

பிறகு அவர் சட்டைப் பையில் இருந்த மனைவியின் போன் அடித்தது. சூப்பர்வைசர் தன் பட்டியலிலிருந்து அவள் பெயரை இன்னும் நீக்கவில்லை. பத்தொன்பது வருடப் பழக்கம், எடுத்து அவளிடம் நீட்டிவிட்டார். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அதை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அடித்து ஓயும்வரை விரிப்பை நீவிக்கொண்டிருந்தார்.