மஞ்சள் படகுக்கு ஒன்பதரை

பத்துக்கு எத்தனை என்று கேட்டால் எனக்குக் கோபம் வராது. பத்துக்குப் பத்து என்று யாராவது வாரி வழங்கினால்தான் வரும். வீடியோ கேம்களுக்கு மார்க் போடுவது என் பிழைப்பு. சரியாகச் சொன்னால், இந்தக் கதை நடந்தபோது அது இன்னும் என் பிழைப்பாக ஆகியிருக்கவில்லை. எங்கள் இணைய இதழில் அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தது 'மாட்டிக்கொண்டீர்களா?' என்ற பகுதி. மூன்றாவது கதவின் சாவி எங்கே, தவளை ராஜாவை எப்படி வீழ்த்துவது என்றெல்லாம் வாசகர்கள் கேட்பார்கள். நான் பொறுமையாகப் பதில் எழுத வேண்டும். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

என் வீட்டுக்காரரோ ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பெயர் வாங்கிய விமர்சகர். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கேமுக்குக்கூட நாங்கள் இருவரும் ஒரே மார்க் கொடுத்ததில்லை. இவர் எட்டு என்றால் நான் ஐந்து. நான் ஏழு என்றால் இவர் உதட்டைப் பிதுக்குவார். சாப்பாட்டு மேஜையில் ஆரம்பிக்கிற சண்டை பாத்திரம் கழுவும் இடம் வரை வரும். அங்கே வந்ததும் இவர் மட்டும் நைசாகக் கழன்றுகொள்வார்.

எங்கள் ஆசிரியரம்மாவுக்கு அலுவலகத்தில் கத்தரி என்று பட்டப்பெயர். யார் எழுதியதையும் பாதியாக வெட்டாமல் வெளியே விட மாட்டார். ஒரு நாள் அவரே என் மேஜைக்கு வந்து நின்றார்.

"விளக்குத் தீவுன்னு ஒரு கேம் வருது. மூணே பேர் சேர்ந்து பண்ணினது. விமர்சனம் நீங்க எழுதுங்க. நல்லா வந்தா விமர்சகர் நாற்காலி உங்களுக்கு. சொதப்புனீங்கன்னா பழையபடி சாவி தேடப் போக வேண்டியதுதான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் போகிற போக்கில் திரும்பிப் பார்த்து இன்னொன்றும் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரரும் இதைத்தான் எழுதறாராம். புருஷனும் பொண்டாட்டியும் பேசி வச்சு மார்க் போடறாங்கன்னு பேச்சு வரக் கூடாது. விமர்சனம் வெளியாகிற வரைக்கும் வீட்ல இதைப் பத்தி மூச்சு விடாதீங்க."

என் வீட்டுக்காரருடைய நாளிதழிலும் அதே நிபந்தனையாம். இருவரும் சத்தியம் செய்துகொண்டோம். சத்தியத்தைக் காப்பாற்றியதுதான் நாங்கள் செய்த தப்பு.

கேம் ஆடும் பெட்டியான என் கன்சோல் அந்த வாரம் பார்த்து மிக்ஸி மாதிரி இரைய ஆரம்பித்து, பழுதுபார்க்கும் கடைக்குப் போயிருந்தது. அலுவலகத்தில் இருந்தவற்றை ஒரு பெரிய கால்பந்து கேமுக்காகப் பையன்கள் பிடித்து வைத்திருந்தார்கள். ஆகவே வீட்டுக் கூடத்தில் இருந்த இவருடைய கன்சோல்தான் இருவருக்கும் கதி. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் இவர் ஆடுவார். சாயங்காலம் வந்ததும் நான். ஒருவர் ஆடும்போது மற்றவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு.

எங்கள் தொழிலில் இருப்பவர்களின் கட்டைவிரலுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேம் தொடங்கும்போது வரும் நிறுவனச் சின்னம், எச்சரிக்கை, மொழி, ஒலி என்று எந்தத் திரையையும் நாங்கள் படிப்பதில்லை. நூற்றுக்கணக்கில் பார்த்தாயிற்று, புதிதாக என்ன இருக்கப்போகிறது? கன்ட்ரோலர் கைக்கு வந்ததுமே விரல் தட்டு தட்டென்று தட்டிக்கொண்டே போகும். முதல் நாள் சாயங்காலம் நானும் அப்படித்தான் தட்டினேன்.

திரை திறந்தது. நடுக்கடல். மஞ்சள் படகு. கூடையில் தக்காளி. படகோட்டிப் பெண் ஒருத்தி துடுப்போடு நின்றாள். நீ யார், எங்கே போகிறாய், எந்தப் பொத்தானை அழுத்தினால் நடப்பாய் என்று ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. எனக்குச் சிலிர்த்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பாடம் நடத்தாத ஒரு கேமுக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன்!

அணைந்துபோன விளக்குகளைத் தீவு தீவாகப் போய்ச் சரிசெய்து ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் கதை. இடையிடையே தக்காளி போடலாம், கோழி வளர்க்கலாம். மஞ்சள் எனக்குப் பிடிக்காத நிறம் என்பதால் முதல் வேலையாகப் படகுக்கு நீலம் பூசினேன். மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் படகு மறுபடியும் மஞ்சள். தக்காளி பறித்து வைக்கப்பட்டிருந்தது. நான் அவசரத்தில் திறந்து போட்டுவிட்டுப் போன கோழிக்கூடு மூடியிருந்தது. நான் இல்லாத நேரத்திலும் இந்த உலகம் தன்பாட்டுக்கு வாழ்கிறதே! விடுவேனா, மறுபடியும் நீலம் பூசினேன். அடுத்த நாள் மஞ்சள். நானும் சளைக்கவில்லை, அதுவும் சளைக்கவில்லை. 'இந்தக் கேமுக்கு ரோஷம் இருக்கிறது' என்று எழுதினேன். ஆடிய நேரத்தைக் காட்டும் கடிகாரம் நான் நினைத்ததைப்போல் இரண்டு பங்கு காட்டியது. 'நேரம் போவதே தெரியவில்லை' என்று அதையும் எழுதினேன். கடைசி விளக்கை ஏற்றிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மார்க் போட்டேன். பத்துக்கு ஒன்பதரை.

கத்தரியே ஒரு வரியும் வெட்டாமல் வெளியிட்டார். வெளியானதும் வீட்டில் இவருடைய விமர்சனத்தைத் திறந்தேன். அங்கேயும் ஒன்பதரை! இவரும் அதையேதான் புகழ்ந்திருந்தார். 'நாம் தூங்கும்போதும் கடல் தூங்குவதில்லை' என்று தொடங்கி, யாரும் கேட்காமலே விளக்குகள் எரியத் தொடங்குவதையும், படகு தினமும் பிடிவாதமாக நிறம் மாறுவதையும் சொல்லி, 'நாயகியைக் கூப்பிடாமலே கதை முடிந்துபோகிறது, என்ன துணிச்சல்!' என்று முடித்திருந்தார். நான் ஓடிப்போய் இவரைக் கட்டிக்கொண்டேன். மற்ற விமர்சகர்கள் எல்லோரும் ஆறு, ஏழு என்று போட்டிருந்தார்கள்.

"அவசரக்குடுக்கைங்க. பாதி ஆடிட்டு எழுதியிருப்பானுங்க" என்றார் இவர்.

"சரியாச் சொன்னீங்க" என்றேன். இவரைப் பார்த்து நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாளே வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். 'ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தேன், ஒரு தக்காளிகூடப் பறிக்கப்படவில்லை' என்றார் ஒருவர். 'என் படகு மஞ்சள் ஆகவேயில்லை, கன்சோலை மாற்ற வேண்டுமா?' என்றார் இன்னொருவர். அவருக்கு நான் பொறுமையாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கேமைச் செய்த மூவரில் ஒரு பெண்.

"மேடம், உங்க விமர்சனத்தைப் படிச்சு அழுதுட்டோம். ஒரே ஒரு சந்தேகம். நாம இல்லாதப்போ படகு நிறம் மாறுதுன்னு எழுதியிருக்கீங்க. நாங்க அப்படி எதுவும் செய்யவே இல்லை. எங்க மூணு பேர்ல யாரு தெரியாம அதைச் சேர்த்ததுன்னு ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்."

விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. இவருக்கும் போன் வந்திருந்தது.

"ஏங்க, நீங்க படகுக்கு என்ன நிறம் அடிச்சீங்க?"

"மஞ்சள். முதல் நாளே அடிச்சேன். தினமும் காலைல நீலமாயிடுது. நானும் விடாம..." பாதியில் நின்று என்னைப் பார்த்தார். "நீ என்ன நிறம்?"

கன்சோலைப் போட்டோம். வாழ்க்கையிலேயே முதல் முறையாக இருவரும் தொடக்கத் திரையைப் படித்தோம். மேலே 'தொடர்க'. அதன் கீழே 'புதிய பயணம்'. உள்ளே போனால், சேமித்து வைத்த பயணம் ஒன்றே ஒன்று. என் கட்டைவிரல் முதல் நாளே இவருடைய பயணத்துக்குள் போய் ஏறிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து காலையில் இவரும் மாலையில் நானும் ஒரே படகை ஓட்டியிருக்கிறோம். ஆளுக்குப் பாதிக் கேமை ஆடிவிட்டு, மற்றவர்களைப் பாதி ஆடியவர்கள் என்று திட்டியிருக்கிறோம். இவர் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் பெயர் பெற்றவர், ஞாயிற்றுக்கிழமை ஒரு திருத்தம் போட்டால் போயிற்று. என் நாற்காலி அல்லவா போகிறது!

கத்தரியிடம் போய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"தொழில் பண்றவங்க செய்யற தப்பா இது?"

"தொழில் பண்றவங்க மட்டுந்தான் மேடம் இந்தத் தப்பைச் செய்ய முடியும். மத்தவங்க திரையைப் படிப்பாங்க."

அவர் உதட்டோரம் லேசாகத் துடித்த மாதிரி இருந்தது. "முதல்லேர்ந்து தனியா ஆடுங்க. திருத்தி எழுதுங்க. நாற்காலியைப் பத்தி அதைப் படிச்சுட்டுச் சொல்றேன்."

அலுவலகத்தில் கேம் ஆடிப் பார்க்கும் சோதனை அறையில் உட்கார்ந்தேன். சன்னல் கிடையாது, நாற்காலிக்கு ஒரு சக்கரம் கிடையாது. 'புதிய பயணம்'. நடக்க இந்தப் பொத்தான், குனிய இந்தப் பொத்தான் என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினார்கள். அதைத் தாண்டினால் கடல் அழகாகத்தான் இருந்தது. விளக்கை ஏற்றும்போது மனம் நிறையத்தான் செய்தது. நல்ல கேம். படகுக்கு நீலம் பூசி, கோழிக்கூட்டை வேண்டுமென்றே திறந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் படகு நீலமாகவே இருந்தது. நான் விட்ட இடத்தில் அப்படியே கிடந்தது. கோழிகள் கண்ட இடத்தில் திரிந்தன. ஜெயித்தவளுக்குச் சந்தோஷம் வர வேண்டும், எனக்கு அழுகை வந்தது. வீட்டில் குடித்த கோப்பையைக் கழுவி வைக்கத் தெரியாத மனிதர், அங்கே யாரோ திறந்து போட்டுவிட்டுப் போன கூட்டை ஒரு நாள் தவறாமல் மூடி வைத்திருக்கிறார். என் தக்காளியை வாட விடாமல் பறித்து வைத்திருக்கிறார். நான் காத்திருந்து ஓடி வந்தது கேமுக்காக இல்லை. இன்றைக்கு அந்தப் பக்கத்து ஆள் என்ன செய்து வைத்திருக்கிறாரோ என்று பார்க்கத்தான் ஓடி வந்திருக்கிறேன். எங்கள் சண்டையெல்லாம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அந்த நீலப் படகைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

நடந்ததை நடந்தபடி எழுதினேன். கேம் எப்படி, யாருக்குப் பிடிக்கும், எங்கே இழுக்கிறது எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் இப்படி முடித்தேன்: 'நான் கொடுத்த ஒன்பதரையில் ஏழுதான் விளக்குத் தீவுக்கு. மீதி இரண்டரை என் வீட்டுக்காரருக்கு.'

கத்தரி இரண்டு தடவை படித்தார். பேனாவைத் திறந்தார், மூடினார்.

"நாற்காலி உங்களுக்குத்தான். ஆனா இனிமே தொடக்கத் திரையைப் படிச்சுட்டுத்தான் பொத்தானை அழுத்தணும்."

அன்று இரவு இவர் திருத்தத்தைப் படித்துவிட்டு, "ரெண்டரைதானா?" என்று மட்டும் முனகினார். எனக்குச் சுருக்கென்றது. கட்டின புருஷனுக்கு இன்னும் ஒரு அரை சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நாளிதழ் வந்தது. இவர் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். இணைப்பைப் பிரித்தேன். இவரும் முதலிலிருந்து தனியாக ஆடிப் பார்த்திருந்தார். கேமுக்கு ஆறு. அதன் கீழே ஒரே வரி: 'பாக்கி மூன்றரை, என் படகுக்கு விடாமல் நீலம் பூசியவளுக்கு.'

ஆறு என்பது அநியாயம். அந்தக் கேமுக்குத் தாராளமாக ஏழு கொடுக்கலாம். வேறு நாளாக இருந்தால் குளியலறைக் கதவைத் தட்டியே சண்டையை ஆரம்பித்திருப்பேன். அன்றைக்கு மட்டும் ஆறாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.